பீலித் தண்ணீரும் நியோன் மீன்களும்

அட்டனுக்கு அருகே டிக்கோயாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில், ஜனவரி மாதத்து விடியற்காலை ஐந்து மணிக்கு வெப்பமானி 13 பாகை செல்சியஸ் காட்டும். அந்த அறையில்தான் 2019 டிசம்பரில் என் முதல் மீன்தொட்டியை வைத்தேன். 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட சாதாரணக் கண்ணாடித் தொட்டி அது. விளிம்பு வரை நிரப்பினால் 70 லீற்றர் கொள்ளும், மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக 60 லீற்றர்தான் உண்மையான தண்ணீர். கண்டியில் ஒரு கடையில் பன்னிரண்டு நியோன் டெட்ராக்களையும் 50 வொட் ஹீட்டர் ஒன்றையும் வாங்கினேன். “இது போதுமா?” என்று கேட்டதற்கு, “நாங்களே இதத்தான் சேர் போடுறோம்” என்றார் கடைக்காரர். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அட்டன் 1,270 மீற்றரில் இருக்கிறது என்பதை அவர் நினைக்கவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் நினைக்கவில்லை.

மாலையில் 25 பாகையில் இருந்த தண்ணீர், அதிகாலையில் 19 பாகைக்கு இறங்கியிருந்தது. ஹீட்டர் பழுதாகவில்லை; அதன் சிவப்பு விளக்கு இரவு முழுவதும் அணையாமல் எரிந்தபடியே இருந்தது. தொட்டிக்கு மூடி இல்லாததால், அது கொடுத்த சூடெல்லாம் நீர்ப்பரப்பு வழியாகவும் நான்கு பக்கக் கண்ணாடி வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. நியோன் டெட்ரா மேற்கு அமேசன் படுகையின் நிழலான ஓடைகளுக்குரிய மீன். 21 முதல் 25 பாகை வரை அதற்கு நன்றாக ஒத்துக்கொள்ளும், சில நாள் 19 பாகையில் இருந்தாலும் உடனே செத்துவிடாது. அதைக் கொல்வது, ஒவ்வோர் இரவும் ஆறு பாகை இறங்கி ஒவ்வொரு பகலும் ஆறு பாகை ஏறுகின்ற ஊசலாட்டம். பத்தாம் நாள் இரண்டு மீன்களின் வாலில் உப்புத்தூள் தூவியது போல வெண்புள்ளிகள் தெரிந்தன.

வெண்புள்ளி நோயில் நான் செய்த பிழையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்ப் பிரதேசத்தில் அந்தப் பிழை தானாகவே நேர்ந்துவிடும். மருந்து ஊற்றிய நான்காம் நாள் புள்ளிகள் மறைந்தன. குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். நமக்குத் தெரிகின்ற வெண்புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் பாதுகாப்பாக இருந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அது பருத்து உதிர்ந்து, மணலில் ஒட்டி, பலவாகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தி வரும். அந்த நீந்துகின்ற பருவத்தில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும். 25 பாகையில் இந்தச் சுற்று சில நாட்களில் முடிந்துவிடும், தண்ணீர் குளிரக் குளிர அது வாரக் கணக்கில் நீளும். ஆகவே நான் மருந்தை நிறுத்திய நாளில் எதிரி மணலுக்குள் இருந்தது. இரண்டாம் முறை புள்ளிகள் வந்தபோது ஒன்பது மீன்கள் போயின. எஞ்சிய மூன்றையும் காப்பாற்றியது, தண்ணீரை நாளுக்கு ஒரு பாகை வீதம் 28 வரை ஏற்றி, டெட்ரா இனங்களுக்கு அந்த மருந்திலுள்ள மலகைற்று பச்சை ஒத்துக்கொள்வதில்லை என்பதால் மருந்தைப் பாதி அளவாக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாட்கள் தொடர்ந்ததுதான்.

அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 லீற்றர் தண்ணீர் ஒரு பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 250 கிலோயூல் வெப்பம் போகிறது, அதாவது ஏறத்தாழ 70 வொட்-மணி. மூடியில்லாத என் தொட்டி, அறையைவிட எட்டுப் பாகை சூடாக இருந்தபோது, ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்ததில் மணிக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. அப்படியானால் அது 60 வொட்டுக்கு மேல் இழந்துகொண்டிருக்கிறது, நான் கொடுத்ததோ 50. லீற்றருக்கு ஒரு வொட் என்று கடைகளில் சொல்லும் கணக்கு கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் தாராளம். எங்கள் பக்கத்தில் லீற்றருக்கு இரண்டு வொட் வேண்டும் என்றே நான் இப்போது கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அதையும் ஒரே பெரிய ஹீட்டராக வாங்காமல், இரண்டு சிறியவையாக வாங்கி இரு மூலைகளில் வைப்பது நல்லது. ஹீட்டரின் தானியங்கி ஆளி ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால் பெரிய ஹீட்டர் மீனை அவித்துவிடும், சிறியது அந்தளவுக்குப் போகாது. ஒன்று செத்துப்போனாலும் மற்றது விடியும் வரை தாங்கும்.

வொட்டைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்குச் செலவும் குறைவு. மீன் கொண்டு வரும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளை வெட்டித் தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஒட்டினேன், அடியிலும் ஒரு துண்டு வைத்தேன், மேலே கண்ணாடி மூடி போட்டேன். முன்பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது; பார்ப்பதற்கு அது போதும். வெப்பம் இறங்கும் வேகம் பாதியாகக் குறைந்தது. அந்த மூடி ஒன்றுக்கே பெரும் பங்கு சேரும் என்று நினைக்கிறேன், ஏனெனில் திறந்த பரப்பிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு துளியும் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறது. தொட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் குசினிச் சுவருக்கு மாற்றியதும் நல்லதாயிற்று, அந்தச் சுவருக்கு மறுபக்கம் விறகடுப்பு இருக்கிறது.

2022 மார்ச்சில் அந்த விறகடுப்புத்தான் மீன்களைக் காப்பாற்றியது. மாத முடிவில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது நினைவிருக்கும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன, லக்ஷபான மின்நிலையங்கள் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகின்றன, ஆனாலும் எங்கள் வீட்டில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. சமையல் எரிவாயுவும் கிடைக்காத நாட்கள் அவை. சோடா வாங்கிய ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல்களில், போத்தல் சுருங்காத அளவுக்குச் சூடான தண்ணீரை, ஏறத்தாழ 70 பாகையில், நிரப்பி மூடி தொட்டியில் மிதக்க விட்டேன். கணக்கும் அனுபவமும் ஒத்துப்போயின: ஒரு போத்தல் குளிர்ந்து முடியும்போது 60 லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல் என்று இரவு முறை வைத்துக்கொண்டேன்.

தொட்டியைப் போர்த்துவதற்கு என் தாயார் கொழுந்தெடுத்த காலத்துக் கம்பளியை எடுத்தபோது, “மனுசனுக்கே போத்திக்க ஒன்னும் இல்ல, மீனுக்குக் கம்பளியாடா?” என்று அவர் சலித்துக்கொண்டார். மழையில் கூடையோடு நனைந்த கம்பளி அது, புகையும் தேயிலைச் சாயமும் ஏறிக் கறுத்துப் போனது. சலித்துக்கொண்டாலும், பின்னிரவில் எழுந்து போத்தலை மாற்றியவரும் அவர்தான்.

மின்வெட்டில் குளிரை மட்டும் நினைப்பவர்கள் வடிகட்டியை மறந்துவிடுகிறார்கள். வடிகட்டிக்குள் வாழும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் வேண்டும். மூடிய குடுவை போன்ற வடிகட்டியில் தண்ணீர் நின்றுவிட்டால், சில மணித்தியாலங்களில் உள்ளே உள்ளவை சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் நேரே தொட்டிக்குள் வரும். காற்றுக் குமிழியால் இயங்கும் சாதாரண ஸ்பொஞ்ச் வடிகட்டி திறந்த தண்ணீரிலேயே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு, பற்றரியில் ஓடும் சின்ன எயர் பம்ப் ஒன்றால் அதை ஓட்டவும் முடியும். அழகில்லை என்று நான் கழற்றி வைத்திருந்த ஸ்பொஞ்சை அந்த மார்ச்சில் திரும்பப் போட்டேன், பிறகு எடுக்கவே இல்லை.

தண்ணீர் விடயத்தில் மலையகத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாறை இடுக்கிலிருந்து வரும் எங்கள் பீலித் தண்ணீரைச் சொட்டு மருந்து வைத்துச் சோதித்தபோது பீஎச் 6.4 காட்டியது (7க்குக் கீழே என்றால் அமிலம்), கடினத்தன்மை மிகக் குறைவு. கெட்டிக் கருங்கல் வகைப் பாறைகள் தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் கிணற்றுத் தண்ணீரில் நியோன் வளர்க்க முயல்பவர்கள் பணம் கொடுத்து வாங்கும் மென்மை, எங்களுக்கு மூங்கில் குழாயில் வந்து விழுகிறது. அந்த மிதப்பில்தான் நான் அடுத்த அடியை வாங்கினேன்.

மென்மையான தண்ணீரில் காபனேற்று மிகக் குறைவு. வடிகட்டிப் பற்றீரியாக்கள் மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கும் காபனேற்று தீர்ந்ததும் பீஎச் சரிகிறது. ஆறாம் மாதம் சோதித்தபோது என் சோதனைப் பெட்டியின் அடிமட்ட நிறமான மஞ்சளையும் தாண்டி வெளிறிப் போயிருந்தது. அத்தனை அமிலத்தில் பற்றீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேரும். ஆனால் அமிலத்தில் அது அமோனியம் என்ற, நச்சு மிகக் குறைந்த வடிவத்தில் இருப்பதால் மீன்கள் சாதாரணமாகவே நீந்திக்கொண்டிருந்தன. நான் பதறிப்போய்க் குசினியில் இருந்த அப்பச்சோடாவில் இரண்டு தேக்கரண்டியைக் கரைத்து ஊற்றினேன். ஒரு மணித்தியாலத்தில் பீஎச் 7.6 ஆனது. பீஎச் ஒன்று ஏறினால் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும், இரண்டு ஏறினால் நூறு மடங்கு. மாலைக்குள் நான்கு மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து சுழன்று செத்தன. இதைப் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற ஆள் நான் என்பது இப்போதும் உறுத்துகிறது.

செய்திருக்க வேண்டியது, சிறிது சிறிதாகப் பீலித் தண்ணீரையே மாற்றி அமோனியாவை வெளியேற்றிய பிறகு பீஎச்சைத் தொடுவது. இப்போது வடிகட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலைப்பையில் ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டுத் துண்டுகள் தொங்குகின்றன. தண்ணீர் அமிலமாகும் அளவுக்கு அவை மெதுவாகக் கரைகின்றன, அமிலம் குறைந்தால் தாமாக நின்றுவிடுகின்றன, பீஎச் 6.5க்கும் 6.8க்கும் இடையில் நிற்கிறது. கொட்டம்பா என்று சிங்களத்தில் சொல்லும் வாதுமை இலையைப் போட்டுத் தண்ணீரைத் தேயிலைச் சாயமாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, நியோனின் நிறம் அதில் நன்றாக எடுபடுவதும் உண்மை. ஆனால் எங்கள் தண்ணீரை அது மேலும் அமிலப் பக்கம் தள்ளும் என்பதால் நான் ஓர் இலைக்கு மேல் போடுவதில்லை.

தொட்டியைப் பழக்குகின்ற ஆரம்ப காலமும் இங்கே நீளும். சமவெளியில் நான்கு முதல் ஆறு வாரத்தில் வடிகட்டி தயாராகிவிடும்; மீன் இல்லாத வெற்றுத் தொட்டிக்கு ஹீட்டர் எதற்கு என்று நான் அணைத்து வைத்ததில், எனக்கு ஒன்பது வாரமாகியும் நைத்திரைற்று இறங்கவில்லை. குளிரில் பற்றீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். இரண்டாம் தொட்டிக்கு மீன் இல்லாமலே 26 பாகையில் ஹீட்டரைப் போட்டு, பழைய ஸ்பொஞ்சை அதில் பிழிந்துவிட்டேன். மூன்று வாரத்தில் முடிந்தது.

பீலியில் குளோரின் இல்லை என்ற நம்பிக்கையும் ஒருமுறை கைவிட்டது. கடும் மழைக்குப் பின் தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியில் பிளீச்சிங் தூள் போட்டிருந்தார்கள்; குடிப்பவர்களின் நன்மைக்கு அது செய்ய வேண்டியதுதான், மணந்து பார்க்காமல் வாளியோடு ஊற்றியது என் அவசரம். மீன்கள் மேலே வந்து தவிப்பதைக் கண்டதும் குளோரின் நீக்கியை ஊற்றிக் காற்றைக் கூட்டியதில் எல்லாம் பிழைத்தன. அன்று முதல் மாற்றும் தண்ணீர் ஒரு நாள் முழுக்கக் காற்றுக் குமிழியோடு பீப்பாயில் நிற்கிறது. பீலித் தண்ணீர் 16 பாகை என்பதையும் மறக்கக் கூடாது: 25 பாகையில் இருக்கும் 60 லீற்றரில் 15 லீற்றரை அப்படியே மாற்றினால் தொட்டி இரண்டு பாகைக்கு மேல் இறங்கிவிடும். கேத்தல் தண்ணீர் கலந்து, கை வைத்துப் பார்க்காமல் வெப்பமானி வைத்துப் பார்த்து ஊற்றுகிறேன்.

கொழும்பிலிருந்து மீன் வருவிப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. கொழும்புக் கோட்டையில் இறுக்கிக் கட்டிய ஒட்சிசன் பை, ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் ரயிலில் ஏறி அட்டனில் இறங்கும்போது பந்து போல விறைத்திருக்கும். உயரத்தில் வளியமுக்கம் குறைவதால் உள்ளே உள்ள வாயு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விரிகிறது. ஒருமுறை பையின் மூலையே பிரிந்து பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. இப்போது பையைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, இரட்டைப் பை போட்டு, ரெஜிபோம் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் துளித் துளியாகத் தண்ணீர் சேர்ப்பதையும் விட்டுவிட்டேன். நீண்ட பயணத்தில் மீன் விட்ட காபனீரொட்சைட்டு பைத் தண்ணீரை அமிலமாக்கி அமோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, அப்பச்சோடா செய்த வேலையையே செய்யும். மூடிய பையை மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுவதில் எனக்கு இழப்பு குறைந்திருக்கிறது.

முதல் துயரத்தில் தப்பிய மூன்று நியோன்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நோய் தீர்ந்தும் அவை இரண்டு மாதம் ஒரு மரக்கட்டைக்குப் பின்னால்தான் இருந்தன, தீன் போட்டால் ஒன்று மட்டும் வந்து கவ்விக்கொண்டு ஓடும். கூட்டமாக வாழும் மீன் மூன்றாக இருந்தால் அது கூட்டமில்லை, பயந்த மூன்று மீன்கள். பதினைந்து புதியவற்றைச் சேர்த்த அன்றே அவை முன்பக்கம் வந்தன. அப்போது எனக்கு வேறொரு தவறான எண்ணமும் தீர்ந்தது. எல்லா மீன்களும் ஒரே திசை பார்த்து ஒட்டி நெருங்கி நீந்துவதுதான் அழகு, அதுதான் நலம் என்று நினைத்திருந்தேன். அப்படி நெருங்குவது பயத்தில்தான். கதவு அறைந்தாலோ, கண்ணாடியில் விரல் தட்டினாலோ பதினெட்டும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பயம் தெளிந்ததும் தளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் இடைவெளியில் தன் பாட்டில் இலையைக் கொத்திக்கொண்டு, ஆனால் மற்றவற்றைப் பார்வையிலிருந்து விடாமல் திரியும். கடையில் ஒரு தொட்டியின் மீன்கள் மூலையில் இறுகி நின்றால் இப்போது நான் வாங்குவதில்லை.

இன்னொன்றையும் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் அறிந்தேன். விடியலில் விளக்கைப் போட்டால் நியோன்கள் நீலக்கோடு இல்லாமல், சாம்பல் பூசியது போல வெளிறி இருக்கும். முதல் மாதத்தில் அதையும் நோயென்று நினைத்து உப்புப் போட்டேன். அந்த நீலம் சாயமில்லை, தோலில் உள்ள நுண்பளிங்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. இருட்டில் அது அடங்கிவிடும், கால் மணித்தியாலத்தில் வாலிலிருந்து கண் வரை திரும்ப ஏறும். இருட்டில் சட்டென்று விளக்கைப் போடுவதே அவற்றுக்கு அதிர்ச்சி என்பதால், முதலில் அறை விளக்கைப் போட்டுத் தேநீர் குடித்து முடித்துத்தான் தொட்டி விளக்கைத் தொடுகிறேன். பகலிலும் நிறம் திரும்பாமல், முதுகில் வெண்திட்டு விழுந்து, கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் மீன் வேறு விடயம். நியோன் நோய் எனப்படும் அதற்கு மருந்தில்லை, உடனே பிரித்தெடுப்பதுதான் வழி.

தீனியில் பெரிய இரகசியம் இல்லை. நியோனின் வாய் சிறியது, விரலால் நசுக்கித் தூளாக்கிப் போட வேண்டும். தண்ணீர் 22 பாகைக்குக் கீழே போன நாளில் பாதியாகக் குறைக்க வேண்டும்.

நம் நாட்டு மீன் என்றால் ஹீட்டர் வேண்டாம் என்று பலர் சொல்கிறார்கள். செரி பார்ப் இலங்கைக்கே உரியது, 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதற்குப் பெயரிட்டார். சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். புலத் ஹப்பயா, அதாவது வெற்றிலை சப்புகிறவன், என்று பெயர் பெற்ற கறுப்பு ரூபி பார்ப்பும் அப்படியே. ஆண் மீன் சிவந்து கறுக்கும்போது அந்தப் பெயரை வைத்தவரை மெச்சத் தோன்றும். ஆனால் இவை தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளுக்குரியவை, அட்டன் உயரத்துக்குரியவை அல்ல. பிரித்தானியர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்ட நுவரெலியா ஓடைகளில் இவற்றைத் தேட முடியாது. 22 முதல் 24 பாகை போதும் என்பதால் நியோனைவிடச் செலவு சற்றுக் குறையும், அவ்வளவுதான். வாங்கும்போது பண்ணையில் பெருக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். ஓடையில் வலை போட்டுப் பிடித்ததை நான் எடுப்பதில்லை. வளர்த்து அலுத்துப்போன மீனை ஆற்றில் விடுவதும் கூடாது.

ஹீட்டரே இல்லாமல் மலையில் கூட்டமாக மீன் வளர்க்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது வைட் கிளவுட் மீனைத்தான். சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு அருகேயுள்ள வெண்முகில் மலையின் ஓடைகளில் கண்டெடுக்கப்பட்டது. 14 முதல் 22 பாகை வரை அதற்குச் சுகம், எங்கள் வீட்டு அறையை அளந்து செய்தது போல. நுவரெலியாவில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் நியோன்தான் வேண்டும் என்று ஒரு வருடம் அடம்பிடித்து, மின்சாரப் பட்டியலைப் பார்த்த பிறகு, சென்ற ஜனவரியில் பதினைந்து வைட் கிளவுட் வாங்கினார். நான்கு நாள் கழித்து விடியற்காலை ஐந்தரைக்குத் தொலைபேசியில் அழைத்து, “தண்ணி பதிமூணு காட்டுது, என்ன செய்ய?” என்றார். மீன்கள் என்ன செய்கின்றன என்று கேட்டேன். பார்த்துவிட்டு வந்து, “ரெண்டு ஆம்பளயும் செட்டைய விரிச்சிக்கிட்டுச் சண்ட போடுது” என்றார். போர்த்திக்கொண்டு படுக்கச் சொன்னேன்.